முப்பத்தொன்றாம் தேதி வராத பல்கலைக்கழகம்

துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்து காரேறிப் போன ஜூலை முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, அடையாற்றங்கரைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சுவருக்குள் முப்பத்தொன்றாம் தேதி வரவில்லை. வெளியே புதன்கிழமை வந்தது, கத்தரிக்காய் கிலோ அறுபது விற்றது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு மறுபடி செவ்வாய்க்கிழமை. கையில் கொண்டுவந்த புதன்கிழமைப் பேப்பர்கூட உள்ளே விரித்ததும் முந்தின நாள் செய்தியையே சொன்னது. அடக் கொடுமையே என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் முப்பதாம் தேதிக் கட்டத்திலேயே மறுபடி கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த துணைவேந்தரைத் தேடும் குழுவில் யார் யார் இருப்பது என்று வழக்கு நடந்தது. நிர்வாகத்தைப் பார்க்க மூவர் குழு வந்தது, கலைந்தது, வேறு மூவர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். தேதி அசையவில்லை. நிதி அலுவலர் சந்திரமௌலிக்கு மட்டும் எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். கஜானா காலியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில்தான் சம்பளம், மாதக் கடைசியில்தான் ஓய்வு என்பது விதி. கடைசி நாளே வராவிட்டால் சம்பளமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. இந்தியாவிலேயே செலவில்லாத பல்கலைக்கழகம் இதுதான் என்று அவர் அரசுக்குக் கடிதம் எழுதினார். தாங்கள் வராத நாளாகப் பார்த்துத் தேதி நகர்ந்து சம்பளம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஊழியர்கள் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை.

அந்த முப்பத்தொன்றில் ஓய்வு பெறவேண்டியவர் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஹபீபுர் ரஹ்மான். அவருடைய மேஜைப் போன் தினமும் ஒரு மணிக்கு அடித்தது. ராயப்பேட்டை வீட்டிலிருந்து மனைவி ஹாஜிரா பீ: "என்னாங்க, சாப்ட்டீங்களா? முட்டைய யாருக்கும் குடுத்துராதீங்க." சாயங்காலம் வீட்டில் கேட்டால், நான் இன்னைக்குப் போனே பண்ணலியே என்பார். பேசியது முப்பதாம் தேதி ஹாஜிரா பீ என்று புரிந்தபோது ரஹ்மானுக்கு முதுகு சில்லிட்டது. நாளாக நாளாக அதுவும் பழகிவிட்டது. வேலை இருக்கு வை, என்று பாதியிலேயே வைத்தும் விடுவார்.

ஒரு வருஷம் கழித்து ஹாஜிரா பீ மாரடைப்பில் இறந்தார். மூன்றாம் நாள் ஓதி முடித்துவிட்டு ரஹ்மான் வேலைக்கு வந்தார். ஒரு மணிக்குப் போன் அடித்தது. சாப்ட்டீங்களா என்றது. அன்றிலிருந்து ஒருநாளும் அவர் முதலில் போனை வைக்கவில்லை.

அதற்குப் பின் ஒன்பது மாதம் போனது. வழக்கு முடிந்து மாணிக்கவாசகம் என்பவர் துணைவேந்தராக வந்தார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். காலண்டர் அசையவில்லை. எப்படி அசையும்? கோப்பு என்பது கீழேயிருந்து மேலே போகவேண்டிய வஸ்து. பொறுப்பேற்புக் குறிப்பை ரஹ்மான் எழுதி வைக்காமல் துணைவேந்தரே ஆனாலும் துணைவேந்தர் இல்லை. ரஹ்மான் எழுதவில்லை. பேனா சரியில்லை என்றார், படிவம் இல்லை என்றார். நாலு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் துப்புரவுப் பணியாளர் தாயம்மா துடைப்பத்தோடு வந்து எதிரில் நின்றாள். எதிர்க்கரைக் குடிசையை இடித்தபோது ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்குத் தூக்கியடிக்கப்பட்டவள், இரண்டு பஸ் மாறி வருகிறவள். "சார், உன் கஷ்டம் தெர்யாதா எனக்கு? ஆனா நாங்க இன்னா பண்றது, சொல்லு. நர்ஸிங் படிக்கிற என் பொண்ணு நிஷாவ பீஸு கட்டலன்னு வெள்ளிக்கெயம வெளிய அனுப்பிடுவாங்க. சோறு கீதான்னு எவனும் கேக்கல." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஒரு மணி போன் வரட்டும். பேசிட்டு வெய்யி."

போன் வந்தது. சாப்ட்டேன் என்றார் ரஹ்மான். நாளைக்கு ரிட்டயர்டு ஆயிடுவேன் என்றார். "தெரியுமே," என்றார் ஹாஜிரா பீ. "நாளைலேந்து மத்தியானம் வூட்லதான? சூடா போடறேன்." இன்னும் ஏதாவது சொல் என்றார் ரஹ்மான். அடுப்புல பால் இருக்கு என்று சொல்லி ஹாஜிரா பீ வைத்துவிட்டார். கேட்டுக்கொண்டு நின்ற தாயம்மா அழுதாள். ஒன்று இருபதுக்குக் கோப்பு மேலே போனது, ஒன்றரைக்குத் துணைவேந்தர் கையெழுத்திட்டார், முப்பத்தொன்றாம் தேதி வந்தது.

சம்பளமும் வந்தது, ஒரே ஒரு மாதத்துக்கு. நடுவில் நாளே கழியவில்லையே என்றார் சந்திரமௌலி. அடப்பாவி என்று திட்டிக்கொண்டே எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். நிஷாவின் பீஸுக்கு அது போதும். ஐந்து மணிக்கு ரஹ்மானுக்குச் சால்வை போட்டார்கள். ஓய்வூதியப் படிவத்தில், தமக்குப் பின் அதைப் பெறவேண்டியவர் என்ற இடத்தில் அவர் ஹாஜிரா பீ, மனைவி, உயிருடன் இருக்கிறார் என்று எழுதினார். சந்திரமௌலி அதை இரண்டு தரம் படித்தார். பல்கலைக்கழகத் தேதிப்படி அது சரியாகவே இருந்ததால் முத்திரை குத்தினார்.