ஏசியில் பழுதில்லை

கட்டிய மனைவியே வீட்டு ஏசி சரியில்லை என்றால் எந்த ஏசி மெக்கானிக்குக்குத்தான் மானம் மிஞ்சும்? “வேகுதுங்க” என்று அவள் சொன்னபோதெல்லாம் அவர் ஸ்டூல் போட்டு ஏறினார். ஃபில்டரைக் கழுவினார், கேஸ் நிரப்பினார், கடைசியில் கம்ப்ரஸரையே மாற்றினார். அறை குளிர்ந்து கிடந்தது. அவளுக்கு மட்டும் கழுத்திலிருந்து நெருப்பு ஏறி முதுகு நனைந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் அவளைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

வியர்வையை அவள் பொறுத்துக்கொண்டாள். மாதவிலக்கு நினைத்தால் வருவதும் வராமல் போக்குக் காட்டுவதுமாக இருந்ததையும் பொறுத்துக்கொண்டாள். மறதிதான் அவளை உலுக்கிவிட்டது. முதல் பெஞ்சுப் பெண்ணை எழுப்பிவிட்டு, பெயர் வராமல் வகுப்பின் நடுவே நின்றாள். புத்தி பிசகுகிறதோ என்று போனில் தேடினால் ஒருவர் வேர்ப்பொடி விற்றார், இன்னொருவர் மூளையில் கட்டி என்றார். படுபாவிகள்! அக்காவோ, “எல்லாருக்கும் வர்றதுதான், இதைப் போய் வெளிய சொல்லிக்கிட்டு” என்று வாயை அடைத்தாள். வரும் திங்கட்கிழமையே வேலையை விடப்போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் அவர் ஸ்டூலைத் தேடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டீச்சர், ஏசியில ஒண்ணுமில்ல.”

“யார் சொன்னா?”

“லேடி டாக்டர். அவங்க கிளினிக்ல இன்னைக்கு சர்வீஸ். எல்லாத்தையும் மாத்திட்டேன், இன்னும் வேகுதுங்கறா, தூக்கமில்ல, பேரு மறக்குதுன்னு அழறான்னேன். வயசு என்னன்னாங்க. நாப்பத்தேழுன்னேன். ‘முதல்ல ஏணியிலேருந்து இறங்குங்க’ன்னாங்க.”

சனிக்கிழமை டாக்டர் அவளை முழுசாகப் பேசவிட்டார். மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருஷம் முன்பே உடம்பு இப்படி ஆட்டம் காட்டும் என்றார். தூக்கம் கெட்டால் நினைவும் தடுமாறும், அது பைத்தியமில்லை என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்; இதற்கு மருந்துகள் உண்டு, எது பொருந்தும் என்று பார்த்துத் தருவதாகச் சொன்னார். ரத்தப்போக்கு அதிகமானால் பொறுத்துக்கொண்டிருக்காமல் வரச் சொன்னார். “வேலைய ஏன் விடணும்?” என்று கேட்டார். டீச்சருக்குக் கண்ணீர்தான் வந்தது. பயம் இறங்கிய கண்ணீர் அது.

வீட்டுக்கு வந்தபோதுதான் கணவரைச் சரியாகப் பார்த்தாள். அறைக்குள் நுழையும் முன்பே மனிதர் ஸ்வெட்டரை மாட்டி, குரங்குக் குல்லாயையும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“இத்தனை நாளும் குளுருச்சா?”

“பழகிடுச்சு.”

“சொல்லக்கூடாதா?”

“நீ வேகுதுங்கறப்ப நான் எப்படிச் சொல்றது?”

அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“ஆமா, வேலைய விட்டுட்டா உன்ன நான் என்னன்னு கூப்பிடறது?” என்றார் அவர், குல்லாய்க்குள்ளிருந்து.

“விடல. திங்கக்கிழமை போய் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுக்கறேன், உன் பேரு மறந்துபோச்சும்மான்னு.”