தானே குளித்துக்கொள்வார்

நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து பார்ப்பாள் என்று தெரிந்ததும் அண்ணனுக்கு நானே சவரம் செய்துவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். கட்டிலில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினேன். ஓட்டை போட்ட கழிப்பறை நாற்காலியை மாடிக்குத் தூக்கிப் போனேன். எழுபத்தாறு வயதில் அதைப் படியேற்றியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அண்ணனுக்கு எண்பத்து மூன்று. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடுதான் இருக்கிறார். மூன்று வருடமாக நினைவு தப்பிக்கொண்டே போகிறது. என் மனைவி காலமாகிவிட்டாள், மகன் கப்பலில் வேலையாக இருக்கிறான், ஆகவே அண்ணனுக்கு எல்லாமே மருமகள்தான். குளிப்பாட்டுவது, துடைப்பது எதையும் நான் செய்ததில்லை. செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதுமில்லை.

மருமகளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அண்ணனைக் கவனித்துவிட்டுப் போவதால் அடிக்கடி தாமதம். ஒன்றாம் தேதியிலிருந்து எட்டு மணிக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலையில் இரண்டு மணி நேரம் ஓர் உதவியாள் வேண்டும் என்று அவளே நகராட்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதற்குத்தான் இந்த வருகை. அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மாமா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

"எனக்குப் பேசத் தெரியும்மா."

"அதான் பயமா இருக்கு."

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். அண்ணன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "உட்காருங்கம்மா. வண்டி நேரத்துக்கு வந்துச்சா?" என்றார். பத்து நாளாக வாயே திறக்காத மனிதர்!

"பஸ்ல வந்தேன் சார்."

"பஸ்ஸை எல்லாம் நம்பப்படாது."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"தானே குளிப்பாரா?" என்று படிவத்தைப் பார்த்து என்னைக் கேட்டாள்.

"தாராளமா."

"பாத்ரூம் போறது?"

"என்னம்மா கேள்வி இது? முப்பத்தெட்டு வருஷம் ரயிலை நடத்தினவர்."

"பார்த்துக்கிறது யாரு?"

"குடும்பம் பார்த்துக்குது."

அதையும் எழுதிக்கொண்டாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அண்ணன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டார். சாயங்காலம் மருமகள் வந்துதான் தரையைத் துடைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. தோள் பையைக்கூட இறக்காமல் நின்றபடி படித்தாள்.

"'தானே குளித்துக்கொள்வார். தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்ளும் நிலையில் உள்ளார். உதவி தேவையில்லை.' யாரு மாமா இது? பக்கத்து வீட்டுக்காரரா?"

"மெதுவாப் பேசு. அடுத்த வீட்டுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும். நம்ம கொடியில தினம் எத்தனை பெட்ஷீட் காயுதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"முன்பின் தெரியாத பொண்ணுகிட்ட, அவர் காதுபட, எப்படிம்மா அதையெல்லாம் சொல்றது? குடும்ப மானம்னு ஒண்ணு இல்லையா?"

"நானும் இந்த வீட்டுக்கு முன்பின் தெரியாதவளாத்தான் வந்தேன். மூணு வருஷமா நான்தானே கழுவுறேன். அப்ப மட்டும் மானம் எங்க போயிருந்துச்சு?"

இந்த வீட்டில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அதட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே முடிவைச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு ஏழரைக்கு நான் கிளம்பிடுவேன். தானே குளிக்கிறவரை நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சொன்னபடி கிளம்பியும்விட்டாள். அண்ணனைக் குளியலறைக்குள் சேர்ப்பதற்கே அரைமணி ஆயிற்று. சட்டைப் பொத்தானை நான் கழற்றக் கழற்ற அவர் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தார். நான் கடைசிப் பொத்தானுக்கு வரும்போது மேலே மூன்று பூட்டியிருக்கும். கடைசியில் சட்டையோடு ஒரு குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். "யாருய்யா நீ? இறங்கு கீழே!" என்று கத்தி என் கன்னத்தில் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி வாளிக்குள் விழுந்தது. நான் அவர் கையைப் பிடித்து முறுக்கிவிட்டேன். அண்ணன் எதிரில் காலைக்கூட நீட்டி உட்காராதவன் நான். அவர் குழந்தை மாதிரி அழுதார். மணிக்கட்டுச் சிவந்துபோயிற்று.

பகலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு மணி நேரம் அண்ணனோடு இருக்க முடியுமா என்று கேட்டேன். "இதைக் கேட்க மூணு வருஷமா சார்?" என்றபடி அந்த வீட்டு அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நகராட்சியில் அதே பெண்தான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள்.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்மா."

"எதுல சார்?"

"எல்லாத்துலயும்."

புதுப் படிவம் எடுத்தாள். "சத்தமா சொல்லுங்க. இந்தப் பக்கம் கேட்கலை."

எனக்குப் பின்னால் எட்டுப் பேர். நான் சத்தமாகச் சொன்னேன். குளிக்கத் தெரியாது. பாத்ரூம் வந்தால் சொல்லத் தெரியாது. இரவும் பகலும் நனைக்கிறார். அடிக்கிறார். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாள், "சீக்கிரம் சார், எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றாள்.

"பார்த்துக்கிறது யாரு?"

"என் மருமகள். அவ ஒருத்திதான்."

"நீங்க?"

"நான் கூட இருக்கேன். அவ்வளவுதான்."

மறுபடி வந்து பார்க்க மூன்று வாரம் ஆகுமாம். ஒன்றாம் தேதிக்கு நான்கே நாள் இருக்கிறது என்றேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வெளியே வந்து மருமகளுக்குப் போன் செய்தேன். விவரம் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"மூணு வாரமும் காலையில நான் பார்த்துக்கிறேன். நீ நேரத்துக்குப் போ" என்றேன்.

"உங்களால முடியாது மாமா."

"முடியாதுன்னுதான் எழுதிக் கொடுத்துட்டு வர்றேன். எப்படிச் செய்யணும்னு சொல்லு."

மெஷின் இரைச்சல் நின்றது. பிறகு, "முதல்ல காலுக்கு ஊத்துங்க. தலைக்கு ஊத்தினா பயந்துடுவார். திமிறினா கையைப் பிடிக்காதீங்க" என்றாள்.

"பிடிச்சு முறுக்கிட்டேம்மா."

"நானும் ஒரு நாள் முறுக்கிட்டேன் மாமா. அன்னைக்குத்தான் நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்."

முதலாளி கூப்பிடும் குரல் கேட்டது. வைத்துவிட்டாள்.