வால்டரின் டோக்கன்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன்: “நீங்க கையெழுத்து போட்டா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்?”

“இல்லப்பா. சிலதை எடுத்துப் பார்ப்போம். பார்த்தவரைக்கும் சரி, அவ்ளோதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதானாம்! அந்தக் கோபத்தில் ஒரு சுரங்கத்தையே கற்பனையில் கட்டிவிட்டேன்.

2

1964 ஜனவரி. பனி மூடிய சயனைடு மேடுகளின்மேல்...

(அடித்துவிட்டேன். தங்கவயல் என்றாலே எல்லாரும் அந்தச் சுரங்கக் கழிவுமண் குன்றுகளில்தான் தொடங்குகிறார்கள்.)

டோக்கனிலிருந்து தொடங்குகிறேன். சுரங்கத்தில் இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன். ஏறி வந்ததும் பலகையில் அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியென்றால் ஆள் உள்ளே.

வால்டர் வெக்கை தாங்காமல் கோவணத்தோடு வேலை செய்பவன். அவன் டோக்கன் எப்போதும் கூட்டாளி இன்பராஜின் சட்டைப்பையில் இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் இன்பராஜே இரண்டையும் மாட்டிவிடுவான். அன்று அவர்கள் இருந்த லெவலில், பூமிக்கடியில் அந்தத் தளத்தில், பாறை வெடித்துச் சரிந்தது. தூசியில் தட்டுத்தடுமாறி மேலே வந்த இன்பராஜ், கைப்பழக்கத்தில் இரண்டையும் மாட்டிவிட்டுச் சுருண்டு விழுந்தான். இன்னும் நினைவு திரும்பவில்லை.

பலகையில் ஒரு ஆணியும் காலியில்லை. எல்லாரும் ஏறிவிட்டார்கள், அந்த லெவலைச் சுவர் வைத்து அடைத்துவிடலாம் என்றது நிர்வாகம். ஸ்டோர் சரக்கைச் சரிபார்க்க பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் சௌந்தரராஜனிடம் அதற்கொரு சான்றும் கேட்டது.

3

(இவரை முதலில் அயோக்கியனாகத்தான் எழுதினேன். ஒட்டவில்லை. நல்ல மனிதர், அதுதான் பயமாக இருக்கிறது. தணிக்கைக்கென்று நாடு முழுமைக்கும் வகுத்த தரநிலைகள் அப்போது கிடையாது. தொழில் சொல்லிக்கொடுத்தவர் காட்டிய வழிதான்.)

அவர் பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெயர்களை எடுத்து, ஆளனுப்பி விசாரித்தார். அத்தனை பேரும் வீட்டில் இருந்தார்கள்.

வால்டரின் மனைவி சாரா டோக்கன் ஆபீஸ் வாசலில் அவரை மறித்தாள்.

“எல்லாத்தையும் பாத்தாச்சுன்னு சொல்றாங்களே ஐயா. அப்ப எங்க வூட்டுக்காரரு எங்க?”

“எல்லாத்தையும் பார்க்கிற வழக்கம் இல்லைம்மா.”

“இன்னாங்க இது! ஆடிட்டர் பாத்துட்டா அப்பீலே இல்லன்னுதான சொவரு வெக்கறாங்க? அவரு டோக்கனை எப்பவும் இன்பராஜ் அண்ணன்தான் மாட்டுவாரு. நான் தொட்டுப் பாத்தேன். நீங்களும் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். தை மாதக் குளிரில் மற்ற டோக்கன்களெல்லாம் சில்லென்றிருந்தன. வால்டருடையது மட்டும், இப்போதுதான் உடம்பிலிருந்து எடுத்ததுபோல் சுட்டது. ஈரமாகவும் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால்...

(முடிக்க மாட்டேன்.)

“வேர்வைங்க அது” என்றாள் சாரா.

“சூட்டை நான் எப்படிம்மா எழுதறது?” என்றார் அவர்.

4

முடிவு ஒன்று: சான்றைக் கிழித்துப்போடுகிறார். கல்லை அகற்றுகிறார்கள். வால்டர் உயிரோடு வருகிறான். எழுதிப் படித்துப் பார்த்தேன். சாராவைச் சமாதானப்படுத்த நான் சொல்லும் பொய்யாகத்தான் பட்டது.

முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறார். சுவர் எழும்புகிறது. மறுநாள் காலை ஆபீசைத் திறந்தால் வால்டரின் டோக்கனைக் காணோம். ஆணி காலி.

இதை எழுதியதும் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

5

நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த லெவலுக்கு நான் இறங்கவே இல்லை ஐயா. மேலே நின்றுகொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எடுத்தேன்.

சிமென்ட் குழைத்தாகிவிட்டது. சாரா வாசலை விட்டு நகரவில்லை. சௌந்தரராஜன் பேனாவை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.

டோக்கன் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் சொல்லுங்கள்.