மாறனுக்கு எந்த ‘ர’

மகனுக்குப் பதினோரு மாதம் முடிந்த பிறகுதான் தருணுக்கு அந்த வேலை நினைவுக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. ஒரு வருஷத்துக்குள் சேர்த்துவிட்டால் சுலபம், தாண்டினால் அலைச்சல் என்று யாரோ சொன்னார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பூனாவின் பாணேர் பகுதியில் இருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனான்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ‘Maran’ என்று எழுதியிருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பேர் இதுதானா?” இந்தியில் கேட்டார்.

“ஆமாங்க மேடம்.”

“சான்றிதழ்ல மராத்தியிலயும் எழுதணும். இதை அப்படியே எழுதினா மரண்னு வரும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மரணம். பச்சைக் குழந்தைக்கு அப்படி எழுத எனக்குக் கை வரல.”

தருண் படிவத்தை எட்டிப் பார்த்தான். மரணம் என்ற சொல் தமிழிலும்தான் இருக்கிறது. இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை மகனைக் கூப்பிட்டிருப்பான். ஒருமுறைகூட அந்தச் சொல் அவன் காதில் விழுந்ததில்லை.

“அப்படி இல்லீங்க. மா...றன். முதல்ல நீட்டணும்.”

“மாரண்?” அவர் முகம் இன்னும் சுருங்கியது. “அது செய்வினை வச்சுக் கொல்றது. இந்தப் பேருக்கு அர்த்தம்தான் என்ன?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அர்த்தம் தருணுக்குத் தெரியவில்லை. “நல்ல அர்த்தம்தான்” என்றான். அந்த அம்மா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “வீட்ல கேட்டுட்டு வாங்க. இன்னும் மூணு வாரம் இருக்கு.”

வெளியே வந்து ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து போனில் தேடினான். ஒரு தளம் வீரன் என்றது. இன்னொன்று, பகைவன். மூன்றாவது தளம் பிரபலத்தில் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினேழாவது இடம் என்று போட்டு, ராசியான நிறம் இளஞ்சிவப்பு என்றது. கோயம்புத்தூரில் இருந்த மாமனார் கந்தசாமிக்குப் போன் போட்டான். பேரனின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னவர் அவர்தான்.

“பாண்டிய ராசாக்களோட பேருங்க மாப்ள. ஒருத்தர் மாறன், அடுத்தவர் சடையன்னு மாத்தி மாத்தி வச்சுக்குவாங்களாம்.”

அடுத்துப் போனில் பேசிய சித்தப்பா வெங்கடேஸ்வரன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. “அது பட்டம்டா. பேருக்கு அர்த்தம் வேற. ஆழ்வார் ஒருத்தர் பொறந்தப்ப அழவும் இல்ல, பால் குடிக்கவும் இல்ல. உலக வழக்கத்துக்கு மாறா இருந்ததால மாறன்னு பேர் வச்சாங்க.”

மதியம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ஜெர்சனிடம் சொன்னான். ஜெர்சன் இந்த ஊரிலேயே கட்கி கண்டோன்மெண்டில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும். “அரே, எங்க சர்ச்ல மாரநாதான்னு சொல்வாங்க. ‘மாரன்’னா நம்ம ஆண்டவர். ஏதோ பழைய பாஷை. ஏக்தம் நல்ல பேர், விட்டுடாத.”

ராஜா, ஆழ்வார், ஆண்டவர், பகைவன். சாயங்காலத்துக்குள் இத்தனை ஆகிவிட்டது. ப்ரீத்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்கு அந்தப் பெயர் மீது உயிர். மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவள்தான் ‘மாறன் குட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள் போல என்று நினைத்து இவன் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது போய் மராத்தியில் அதற்கு மரணம் என்று அர்த்தமாம் என்று எப்படிச் சொல்வது?

இந்த ஊரில் அந்தப் பெயரோடு வாழ்ந்த யாரையாவது பிடித்துக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பூனா தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டான். இரண்டு நாள் கழித்து ஒருவர் நிக்டி பகுதி விலாசம் ஒன்று அனுப்பினார். ‘மாறன், ரிட்டயர்டு, சிஞ்ச்வட் கம்பெனி.’

சனிக்கிழமை போனான். மூன்றாவது மாடி. கதவில் ‘ரமேஷ்’ என்று போட்டிருந்தது. விலாசம் தவறு என்று திரும்பப் போனவனை உள்ளேயிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

“மாறனைத் தேடி வந்த தம்பியா? நான்தான். வாங்க, உக்காருங்க.”

அறுபத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம். அவர் மனைவி கிரிஜா ஒரு தட்டில் போஹே என்கிற அவல் உப்புமாவைக் கொண்டுவந்து வைத்தார்.

“நாப்பது வருசத்துக்கு முந்தி வந்தேன்” என்றார் அவர். “தகடு அழுத்தற ப்ரெஸ் ஷாப்ல வேலை. மொத நாளே சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. மெஷின் ஓடிக்கிட்டிருக்கையில மரண், மரண்னு கத்த முடியாது, எல்லாரும் பயந்து ஓடிருவாங்கன்னுட்டாரு. அவரே ரமேஷ்னு வச்சாரு. அவரோட மச்சினன் பேராம்.”

“உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?”

“எதுக்கு? ஊர்ல என் பேர் பட்டபாடு தெரியுமா? மாரன்னா மன்மதன்லா. பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் எல்லாம் கரும்பு வில் எங்கலேன்னு கேட்பானுவ.”

“அது சின்ன ‘ர’ போட்டாதானே சார்? பெரிய ‘ற’ போட்டா பாண்டியன் இல்லையா?”

அவர் கை தட்டில் நின்றது. “பெரிய ‘ற’வா?” உள்ளே போய் ஒரு பழைய பள்ளிச் சான்றிதழை எடுத்துவந்தார். அதில் பெரிய ‘ற’தான் இருந்தது. ஓய்வூதியப் புத்தகத்தைப் பிரித்தார். தமிழில் இட்டிருந்த கையெழுத்தில் சின்ன ‘ர’. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“கிரிஜா, நம்ம கல்யாணப் பத்திரிகையில எந்த ‘ர’ போட்டிருந்துச்சு?”

“எனக்கு ரமேஷ்னுதானே சொன்னாங்க” என்றார் கிரிஜா அடுப்படியில் இருந்து.

தருண் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். யோசனை எதுவும் சொல்லவில்லை. “தம்பி, அந்தப் பாண்டியன் சமாச்சாரம் நெசந்தானா? கொஞ்சம் விசாரிச்சு எனக்கும் ஒரு போன் பண்ணுங்க” என்று மட்டும் கேட்டார். விடை தேடி வந்த இடத்தில் இன்னொருவரையும் குழப்பிவிட்டோமே என்று வழியெல்லாம் அவனுக்கு உறுத்தியது.

வீட்டுக்கு வந்து ப்ரீத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மரணம், செய்வினை, ப்ரெஸ் ஷாப், ரமேஷ். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப மாத்திடலாமா?” என்றாள்.

“நீ ஆசையா வச்ச பேராச்சேன்னுதான் இவ்வளவு அலையறேன்.”

ப்ரீத்தியின் கை நின்றது. “நான் எங்க வச்சேன்? நீதானே வச்ச?”

“நானா?”

“ஆப்பரேஷன் முடிஞ்சு அரைமயக்கத்துல கெடந்தேன். நீ ஜன்னல்கிட்ட இவனைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்ன. ‘மாறன், பயப்படாத. நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்’னு சொன்ன. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.”

தருணுக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. கையில் கனமில்லாத ஒரு துணிப் பொட்டலம் போல இருந்த குழந்தையும் ஞாபகம் வந்தது. காதில் இயர்போன் இருந்ததும்தான். அலுவலகத்தின் சென்னை டீமில் மாறன் என்று ஒரு புதுப் பையன் சேர்ந்திருந்தான். அன்று அவன் ஏதோ ஒரு சர்வரைத் தப்பாக நிறுத்திவிட்டு நடுங்கிப்போய்ப் போனில் கூப்பிட்டான். அவனுக்குச் சொன்ன வார்த்தைதான் அது. அடுத்த மாதமே அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டான்.

ப்ரீத்தி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். கோபமா, சிரிப்பா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

“அப்ப இந்தப் பேரை யாருமே வைக்கல” என்றாள் கடைசியில்.

அந்த ராத்திரியும் மறுநாளும் வேறு பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். அகிலன், இனியன், கவின். தன் பேரைக் கேட்டுத் திரும்புகிறானா பார்ப்போம் என்று ப்ரீத்தி சொன்னாள். மாறன் என்றதும் திரும்பினான். இனியன் என்றதும் திரும்பினான். எரிச்சலில் தருண் ‘குக்கர் மூடி’ என்றான். அதற்கும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பினான்.

“என்னதான் செய்யலாம்?” என்றான் தருண்.

“தெரியல. ஆனா இனியான்னு கூப்பிட்டா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு எனக்கு” என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, “எப்படிக் கெடச்சா என்ன. பயப்படாதன்னு நீ சொன்னப்ப இவன் உன் கையிலதானே இருந்தான்” என்றாள்.

வியாழக்கிழமை மூவருமாகப் போனார்கள். அதே அம்மாதான். குழந்தையைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலே கண்கள் மலர்ந்தன.

“பேர் மாத்தலையா?”

“மாத்தல மேடம். மரணம்னு வராம வேற விதமா எழுத முடியுமா?”

அவர் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். கடைசி எழுத்தை மரணத்தில் வரும் ‘ண’ இல்லாமல் சாதாரண ‘ன’வாகப் போட்டார். நடு எழுத்தை அவனையே சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். ப்ரீத்தி, “அழுத்திச் சொல்லு” என்றாள். இன்னும் அழுத்திச் சொன்னான்.

“எங்ககிட்டயும் அப்படி ஒரு ‘ர’ இருக்கு” என்றார் அந்த அம்மா. ‘ர’ எழுதி அதன் கீழே ஒரு புள்ளி வைத்தார். “இப்படித் தனியா யாரும் எழுதறதில்ல. ஆனா படிக்கறவங்க மரணம்னு நெனைக்க மாட்டாங்க.”

கணினியில் அந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒருவரை அழைத்தார். அவர் இன்னொருவரை அழைத்தார். மூன்று பேரும் குனிந்து தேடியதில் கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் திரையில் புள்ளியோடு அந்த எழுத்து வந்தது. ஆங்கிலத்தில் ஒரு ‘a’ கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

“இப்பவாவது சொல்லுங்க. அர்த்தம் என்ன?” என்று அவர் கேட்டார்.

“ராஜா” என்றான் தருண். அதே நேரத்தில் ப்ரீத்தி, “மத்தவங்க மாதிரி இல்லாதவன்” என்றாள்.

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்று முத்திரையை எடுத்தார். சான்றிதழைக் கொடுத்ததும் குழந்தை அதன் மூலையை வாயில் வைக்கப் பார்த்தது. ப்ரீத்தி பிடுங்கிக்கொண்டாள். தருண் அந்த மராத்தி வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான். அந்தப் புள்ளி வைத்த எழுத்து வந்த இடத்தில் நாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தான்.