‘நாம் வருந்துகிறோம்’ என்று எழுதியவள்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்பு அறிக்கையிலிருந்து பிறந்தது. அந்த அறிக்கையைத் தமிழில் எழுதியவள் நான். பங்சாரில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் அதுதான் என் வேலை: ஆட்டக்காரர்கள் கொதிக்கும்போது தண்ணீர் தெளிப்பது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். [பயம்தான். வேறு காரணம் ஜோடிக்க விரும்பவில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கிள்ளானில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், லெட்சுமி தன்னந்தனியே...’

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

லெட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. காப்பாரில் பள்ளி வேன் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டபின் வாரம் மூன்று நாள் கிள்ளான் டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்கிறார். ஊசி ஏற்றிய இடக்கையை அசைக்கக்கூடாது. வலக்கையில் கைப்பேசி. அவரும் பக்கத்துப் படுக்கை ஜாபர் அலியும் எங்கள் ‘அலைநகர்’ ஆட்டத்தில் ஒரு துறைமுகமே கட்டியிருந்தார்கள். ஒரே கையால் ஆடும் வசதி அதில் இலவசமாக இருந்தது.

போன மார்ச்சில் அதைப் பிடுங்கி, ‘சொகுசுத் தொகுப்பு’ என்று பெயரிட்டு, மாதம் இருபத்தைந்து வெள்ளிக்கு விற்றோம்.

சொகுசு. அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான்.

3

ஆட்டக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மேலாளர் ரவிசங்கர் உடனே ஓர் அறிக்கை கேட்டார். ‘நாங்கள் தவறு செய்துவிட்டோம்’ என்று எழுதினேன். ‘தவறு’ என்றால் வழக்கு வரும் என்று வெட்டினார். ‘நாங்கள்’ என்றால் விலகி நிற்பதுபோல் இருக்கிறது என்றார். கடைசியில் வெளிவந்தது இது: ‘நடந்ததற்கு நாம் வருந்துகிறோம். இதிலிருந்து சேர்ந்தே கற்போம்.’

விலை ஒரு காசு குறையவில்லை.

அதன்கீழே லெட்சுமி தன் ஊசி ஏற்றிய கையைப் படமெடுத்துப் போட்டு, ‘இதுதான் என் சொகுசு’ என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். அந்தத் தொகுப்புக்கு ஒரு வருட இலவசச் சீட்டைக் கொடுத்து, அவர் சிரிப்பதுபோல் படம் எடுத்துவரச் சொல்லி ரவிசங்கர் என்னைக் கிள்ளானுக்கு அனுப்பினார்.

4

(இங்கே லெட்சுமியை அழவைக்க நினைத்தேன். உங்கள் மனம் இளகும். ஆனால் அவர் அழவில்லை.)

சீட்டை நீட்டினேன். ஜாபர் அலிக்கும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தப் படுக்கை வரிசையில் ஆடும் மற்றவர்களுக்கு? அவர்களுக்கும் இல்லை என்றேன்.

“நாம் வருந்துகிறோம்னு போட்டிருக்கே, அதுல நானும் ஜாபர் அண்ணனும் இருக்கோமா?”

நீட்டிய சீட்டை இழுத்துக்கொண்டேன்.

“நாங்க என்ன செஞ்சோம்னு வருத்தப்படணும், தங்கச்சி? எழுதின ஆள வரச்சொல்லுங்க லா.”

“நான்தான் எழுதினேன், அக்கா.”

தாதி வந்து இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போகும்வரை லெட்சுமி காத்திருந்தார்.

“தமிழ் தெரியாத யாரோ எழுதிட்டாங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் எழுதியிருக்கீங்க.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் படம் எடுக்கவில்லை.

5

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, நிறுவனத்தின் பக்கத்திலேயே எழுதினேன்: ‘ஒற்றைக்கை வசதியைப் பறித்தது நிறுவனம். அதை மறைக்கும் சொற்களைத் தெரிந்தே எழுதியவள் நான். நான் மன்னிப்புக் கேட்கிறேன்.’

அந்தப் பதிவு பதினொரு நிமிடம் இருந்தது. ரயில் பிரிக்ஃபீல்ட்ஸை எட்டுமுன் என் கடவுச்சொல் செத்துவிட்டது. மறுநாள் வேலையும் போனது. என் மன்னிப்புக்காக நிறுவனம் ஒரு மன்னிப்பு வெளியிட்டது. நல்ல தமிழ். என் நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

6

ஒரு முடிவு எழுதினேன்: நிறுவனம் வசதியைத் திருப்பித் தருகிறது, டயாலிசிஸ் வரிசை முழுக்க... அடித்துவிட்டேன். அவர்கள் செய்யாத நல்லதை எழுதி அவர்களுக்குப் பேர் வாங்கித் தரமாட்டேன். அந்த வேலையைத்தான் விட்டுவிட்டேனே.

இன்னொன்றில் லெட்சுமி என்னை மன்னிக்கிறார். அதையும் அடித்தேன். அது எனக்கு எழுத உரிமையில்லாத வரி.

இதுவரை எழுதியதை நேற்று அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டார் என்று கைப்பேசி காட்டுகிறது. பதில் இல்லை. மீதியை அவர் சொல்லட்டும், சொல்லாமலே போகட்டும்.