டெல்பர்ட்டின் முகம்

அப்பாவின் நாக்கில் காய்ந்து படிந்திருந்ததை ஈரப்பஞ்சால் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தபோது மார்லிஸின் கால்களுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. கீழ்த்தளத்தில் யாரோ ரம்பத்தை ஓட்டினார்கள்.

முதலில் அவளுக்கு நம்ப முடியவில்லை. அந்தச் சத்தத்தை எழுப்பக்கூடிய ஒரே ஆள், வாயைத் திறந்தபடி, ஹாலில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் முன்னால் கிடந்தார். நூல் போன்ற பிளேடு மேலும் கீழும் குதிக்கும் அந்தச் சின்ன மெஷினின் ர்ர்ர் என்ற இரைச்சலோடுதான் அவள் வளர்ந்திருந்தாள். அதன் மரத்தூளோடும்தான். வெண்ணெயில் மரத்தூள், துவைத்த துணியில் மரத்தூள், அம்மா இருமிக் கைக்குட்டையில் துப்பிய சளியில் மரத்தூள். பால் லாரி ஓட்டிய அப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கீழ்த்தளத்தை விட்டு மேலே வந்ததே சாப்பிடத்தான்.

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். அதிலிருந்து எழுந்தது, எத்தனை முறை கை கழுவியும் விரல்களில் தங்கிவிட்ட அதே வாடை.

"கொஞ்சம் பாத்துக்கோ ஜோலீன்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ரம்பத்தின் முன்னால், அப்பாவின் ஸ்டூலில், டெல்பர்ட் ரஸ்க் உட்கார்ந்திருந்தார். பலகையில் உருவங்களை அறுத்தெடுக்கும் மரம் அறுப்போர் கிளப்பின் தலைவர். மாதாந்திரக் கூட்டத்தில் அப்பா வரைந்துகொடுத்த படங்களை எல்லோருக்கும் நகலெடுத்து விநியோகிப்பதுதான் அவர் வகித்த பதவியின் முழுப் பொறுப்பு. சர்ச் பெண்கள் நோயாளி வீட்டுக்கென்று கொண்டுவந்து வைத்திருந்த, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோலைத் தட்டு நிறைய அள்ளி ரம்ப மேஜையிலேயே வைத்திருந்தார். தாடியில் சீஸ் ஒட்டியிருந்தது. சீஸில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

சுவரோரம் அவள் தம்பி கேலன் பலகைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"யாரு ஓட்டச் சொன்னது?"

டெல்பர்ட் ரம்பத்தை நிறுத்தினார். "சும்மா ஓடுதான்னு பாத்தேன்ம்மா. ரொம்ப நாளா அப்படியே கெடக்குதுல்ல. இறுகிப் போயிடும்."

"மேல அப்பா இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு."

"தெரியுமே. அதான் மெதுவா வச்சு ஓட்டினேன்."

"நான்தான் வரச் சொன்னேன்" என்றான் கேலன், பலகையைப் பார்த்தபடி. "என்னிக்கிருந்தாலும் காலி பண்ணத்தானே வேணும்."

"மூச்சு நிக்கிற வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு?"

"நீ அவரைப் பாத்துக்கோ மார்லிஸ். நான் இதைப் பாத்துக்கறேன்."

"நீ இங்க வந்ததுலேர்ந்து அவரை எட்டிக்கூடப் பாக்கல. பின்வாசல் வழியா நேரா இங்க எறங்கிடறே. என்னைக் குருடின்னு நெனச்சியா?"

கேலனின் காதுமடல்கள் சிவந்தன. ஒரு பலகையை எடுத்தான், பார்த்தான், எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அப்போதுதான் அவள் பலகைகளின் முனைகளைக் கவனித்தாள். ஒவ்வொன்றிலும் பச்சை நிறத்தில் வட்டமான ஸ்டிக்கர். வால்நட், செர்ரி, ஓக், எல்லா மரத்திலும். அலமாரியில் சாய்த்து வைத்திருந்த, அம்மா பிஸ்கட் மாவு தேய்க்கும் பலகையிலும் ஒன்று.

"அது எங்கம்மாவோடது."

"அருமையான மேப்பிள் மரம்மா, அதான் குறிச்சு வச்சேன்" என்றார் டெல்பர்ட், முள்கரண்டியை நக்கிக்கொண்டே. "ஒட்டே இல்லை. ஒரே துண்டு."

அவள் நகத்தால் ஸ்டிக்கரைக் கீறினாள். காகிதம் கிழிந்து வந்தது, பசை வரவில்லை. விரல் நுனியில் பிசுபிசுத்தது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மேலே ஜோலீன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அப்பா முனகினார். இரண்டு நாளாக அசையாமலிருந்தவர், போர்வையைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. மூச்சு தொண்டையில் மாட்டி மாட்டி வந்தது.

"என்னாச்சு? வலிக்குதா? மருந்து குடுத்தியா?"

"குடுத்துட்டேன். மார்லிஸ், கீழ அந்தச் சத்தம் கேட்டுச்சே, அது என்ன? அவரோட மெஷினா?"

"ஆமா. நிறுத்தச் சொல்லிட்டேன்."

ஜோலீன் தயங்கினாள். "அது ஓடறப்போ இவரு ரொம்ப அமைதியா இருந்தாரு. கை இப்படி இப்படிப் போச்சு." இரண்டு உள்ளங்கைகளையும் போர்வையில் தட்டையாக வைத்து மெல்லத் திருப்பிக் காட்டினாள், காகிதத்தை நகர்த்துவதுபோல. "நிறுத்தினதும்தான் இதெல்லாம். காது கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லேன்."

மார்லிஸ் அம்மாவின் பலகையைச் சோபாவில் வைத்தாள். அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். இவரைத் தூக்கித் திருப்பி, துடைத்து, துணி மாற்றி, மூக்கால் மூச்சு விடாமல் பழகி, இத்தனை வாரங்களாக உடனிருந்தவள் அவள். அவளுடைய குரலுக்கு அந்தக் கை ஒரு தடவைகூட அசையவில்லை. கேசரோல் தின்னும் அந்தத் தடியன் சுவிட்சைத் தட்டியதும் அசைகிறது.

திரும்பக் கீழே போனாள்.

"டெல்பர்ட், ரம்பத்தை ஓட்டுங்க."

"இப்பத்தானே திட்டினே?"

"அப்பாவுக்கு அது கேக்கணும். கேட்டா நிம்மதியா இருக்காரு."

டெல்பர்ட்டின் முகம் மலர்ந்தது. கேலனைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? நான் சொன்னேன்ல?" பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்தார். "சும்மா ஓட்டினா சரியா இருக்காதும்மா. வெறும் பிளேடு சத்தம் வேற, மரத்துல ஓடற சத்தம் வேற. உங்கப்பா ஆர்வலுக்கா தெரியாது? எதையாவது அறுத்தாத்தான் உண்டு." மேஜைக்கடியிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்தார். அதன் மேல் படம் வரைந்த தாள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. "இது தயாரா இருக்கு. கிளப் ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகுதுல்ல, அதுக்காக உங்கப்பா வரைஞ்சது. கடைசியா வரைஞ்சது இதுதான்." தொண்டையைச் செருமினார். "என் முகம்தான். தலைவர்ங்கற முறையில."

"எதையாவது அறுங்க."

அவர் சுவிட்சில் விரலை வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. "அந்த வால்நட் பலகைங்க விஷயம்... கேலன் யோசிச்சுச் சொல்றேன்னான். நீ என்ன சொல்றே?"

மேலிருந்து அப்பாவின் முனகல், பலகைத் தரையைத் தாண்டிக் கேட்டது.

"எடுத்துக்கோங்க" என்றாள் மார்லிஸ்.

"எல்லாமா?"

"எல்லாத்தையும். மெஷினையும் சேத்து."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"ஓட்டுங்க டெல்பர்ட்."

கேலன் தலையைக் குனிந்துகொண்டான். ரம்பம் ஓடத் தொடங்கியது.

அவள் கட்டிலருகே திரும்பி வந்தபோது அப்பாவின் நெற்றி விரிந்திருந்தது. கைகள் போர்வையில் தட்டையாகக் கிடந்தன. இரைச்சல் ஏறும்போது மெதுவாகவும் இறங்கும்போது கொஞ்சம் வேகமாகவும் அவை திரும்பின. கீழே இரைச்சல் நின்றதும் அவளுக்குப் பக்கென்றது. ஆனால் அப்பா பதறவில்லை. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டு, எதையோ பிடித்து, கீழிருந்து மேலே இழுத்தன.

"என்ன பண்றாரு?" என்றாள் ஜோலீன்.

மார்லிஸுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ள விரும்பாமலே எத்தனையோ வருஷம் படியில் நின்று, சாப்பிடக் கூப்பிட்டுக் காத்திருந்து, பார்த்தது. "படத்துல கறுப்பா இருக்கற எடமெல்லாம் ஓட்டையா வரணும். ஒவ்வொரு ஓட்டைக்கும் மெஷினை நிறுத்தி, பிளேடைக் கழட்டி, வேற துளையில கோக்கணும். இப்போ கோக்கறாரு."

கீழே இரைச்சல் மறுபடி எழுந்தது. கைகள் மறுபடி திரும்பின.

அப்படியே அந்த மதியம் போனது. ஒரு தடவை கீழே சத்தம் கிறீச்சென்று உயர்ந்தபோது அப்பாவின் உதடு கோணியது. டெல்பர்ட் திருப்பத்தில் அவசரப்படுகிறார். கூட்டங்களிலிருந்து வந்து அப்பா அம்மாவிடம் சொல்வது அவளுக்கு ஞாபகம் வந்தது: "அந்தாளு கண்ணைப் புருவத்தோட சேக்காம அறுத்துட்டு, அப்புறம் கண்ணைத் தரையில தேடறான்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். கோபமாகச் சொன்னதில்லை. மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே ஒரு மனுஷன் தன் மூஞ்சியைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்டு அவளுடைய அப்பா நிம்மதியாகச் சாகிறார். இதற்கு மேல் கேவலம் என்ன இருக்கிறது?

இரைச்சல் நின்றது. அப்பாவின் விரல்கள் சேர்ந்தன, மேலே இழுத்தன, காத்திருந்தன.

இரைச்சல் தொடங்கியது. விரல்கள் அப்படியே இருந்தன.

மார்லிஸ் குனிந்தாள். ஜோலீன் அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள், பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டாள். கீழே ரம்பம் ஒரு நீண்ட வளைவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜோலீன் காதிலிருந்து குழாயை எடுத்தாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் போறேன்."

அவள் படியில் இறங்கும்போதே கேலன் பார்த்துவிட்டான். கையிலிருந்த துடைப்பத்தோடு கடைசிப் படியில் உட்கார்ந்தான். அவள் டெல்பர்ட்டின் அருகே போய் நின்றாள்.

"போயிட்டாரு."

டெல்பர்ட் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினார். "ஒரு நிமிஷம். மீசை மட்டும் பாக்கி."

அவர் மீசையை முடிக்கும்வரை அவள் நின்றாள். அறுந்த சில்லு தரையில் விழுந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, "கடவுள் அவரை ஏத்துக்கட்டும்" என்றார். அவருடைய இமைகளில் மரத்தூள் படிந்து, கண்ணோரம் ஈரத்தில் குழைந்திருந்தது. அழுதாரா, தூள் பட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை.

தாளை உரித்துவிட்டு, பலகையைச் சின்ன ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "எப்படியிருக்கு?"

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள். அங்கங்கே பிசிறு தட்டியிருந்தது. ஆனால் படம் அப்பாவுடையது. தாடியும் பெருத்த கன்னமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணைச் சுற்றி அப்பா விட்டிருந்த இரண்டு மெல்லிய கோடுகளில் வேறொரு ஆள் இருந்தான். கூட்டத்துக்கு யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். அப்பா இந்த மனுஷனின் முகத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு அருகில், முகம் சுளிக்காமல் பார்த்திருக்கிறார். தன் முகத்தை அப்படி ஒருநாளாவது பார்த்தாரா என்று யோசித்தவள், அந்த யோசனை பிடிக்காமல் மேலே போய்விட்டாள்.

சர்ச்சில் சவப்பெட்டியின் பக்கத்தில் அந்தப் பலகை நின்றது. கறுப்புத் துணி ஒட்டி, சட்டம் போட்டு, தாங்கியில் வைத்து. பக்கத்திலிருந்த அப்பாவின் போட்டோவைவிடப் பெரியது. டெல்பர்ட் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு அதனருகிலேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம், "கடைசி மூச்சு வரைக்கும் நான் அவருக்காக அறுத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். மின்னசோட்டாவிலிருந்து வந்த தூரத்துச் சித்தி ஒருத்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஆர்வல் தாடி வளத்திருந்தானா? எனக்குத் தெரியவே தெரியாதே. எவ்ளோ தத்ரூபமா இருக்கான் பாரேன்."

"அது அப்பா இல்ல சித்தி."

"நல்லா செஞ்சிருக்காங்க. அழகா இருக்கான்" என்று பலகையின் கன்னத்தைத் தடவிவிட்டுச் சித்தி பன்றி இறைச்சி சாண்ட்விச்சுக்கான வரிசையில் போய் நின்றாள்.

புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மார்லிஸ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் டெல்பர்ட்டின் பிக்கப் வண்டி வந்து நின்றது. "இன்னிக்கேவா?" என்று கேலன் முணுமுணுத்தான், ஆனால் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான். இருவரும் சேர்ந்து மெஷினை ஏற்றினார்கள். பலகைகளை ஏற்றினார்கள். கடைசி இரண்டு நாள் வெயிலில் முற்றத்துப் பனியெல்லாம் இளகி, நிலம் கஞ்சியாகக் கிடந்தது. பாரம் ஏற ஏற வண்டி உட்கார்ந்தது. டெல்பர்ட் ஸ்டார்ட் செய்தார். பின்சக்கரம் சுற்றியது, நகரவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னும் கீழே போனது.

ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "கேலன், கொஞ்சம் தள்ளேன்!"

கேலன் தள்ளினான். அவனால் மட்டும் முடியவில்லை. அவன் வீட்டைப் பார்த்தான். சமையலறை ஜன்னலில் நின்றிருந்த மார்லிஸைப் பார்த்தான்.

அவள் வெளியே வந்தாள். சேற்றில் செருப்பு புதைந்தது. விட்டுவிட்டுக் காலுறையோடு நடந்தாள். தம்பியின் பக்கத்தில் நின்று, வால்நட் பலகைகளின் முனையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"அழுத்துங்க!" என்று கத்தினாள்.

சக்கரம் சீறியது. சேறு அவளுடைய கறுப்பு கவுனில், கழுத்தில், வாயில் அடித்தது. அவள் துப்பிவிட்டு மறுபடி தள்ளினாள். வண்டி முன்னும் பின்னும் ஆடி, சட்டென்று விடுபட்டு, சாலைக்கு ஏறியது. டெல்பர்ட் திரும்பிப் பார்க்காமல் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனார்.

கேலன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. முற்றத்தில் சக்கரம் தோண்டிய இரண்டு பள்ளங்களிலும் பழுப்புத் தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்துகொண்டிருந்தது. இருவரும் நின்று அதைப் பார்த்தார்கள்.