முன் இடது சில்லு

"உந்தக் கோதாரி இன்னும் கத்துது!" என்று ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான் றெமிஜியஸ்.

கார் அவனுடையதல்ல, அண்ணன் மடுத்தீனுடையது. வேலைக்குப் போகும்போது மெத்ரோ ரயில் நிலையப் படியில் விழுந்த மனிதர் பிறகு எழும்பவேயில்லை. இன்றைக்கு அடக்கம். மாலை வாங்க ஆரையாவது அனுப்பலாம் என்று றெமிஜியஸ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். செய்தி வந்ததிலிருந்து வாய் திறக்காத அண்ணி அற்புதமலர், பதிலுக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு வந்தார்கள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மாலையை வாங்கிக் காரை எடுத்ததும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று கீச்சொலியோடு எரியத் தொடங்கியது.

"அவான் கோஷ் எண்டு காட்டுது, சித்தப்பா," என்றாள் பக்கத்தில் இருந்த நிரஞ்சலா, மடுத்தீனின் மகள். "முன் இடது சில்லு. காத்து குறைவாம்."

"எனக்கும் கண் தெரியும், பிள்ளை."

போர்த் து லா சப்பலில் பெற்றோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பினான். புதுக் கறுப்புக் காற்சட்டையோடு ஈரச் சீமெந்தில் முழங்காலிட்டு, முன் இடது ரயரில் காற்றுக் குழாயை மாட்டினான். இரண்டு புள்ளி நான்கு. காற்று சரியாகத்தான் இருந்தது. ஏறி ஸ்டார்ட் பண்ணினான். விளக்கு எரிந்தது. இறங்கி இன்னும் கொஞ்சம் அடித்தான். ஏறினான். எரிந்தது.

கைபேசி அடித்தது. சவப்பெட்டி கோயிலுக்குக் கிட்ட வந்துவிட்டதாம். பூசை முடிந்த கையோடு சுவாமியாருக்கு ஞானஸ்நானம் ஒன்று இருக்கிறதாம், பிந்தக் கூடாதாம்.

"இப்பிடியே போவமா?" என்றாள் நிரஞ்சலா.

"பெரிபெரிக்கில, அந்தப் பெருந்தெரு வேகத்தில ரயர் வெடிச்சா? உங்கடை அப்பர் ஒரு வேலையையாவது முழுசாச் செய்தவரே? கார் வைச்சிருந்தால் ஒழுங்கா வைச்சிருக்கோணும். செத்தும் மனுசன் என்னை நிம்மதியா விடுறாரில்லை!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. நிரஞ்சலா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின் சீற்றிலிருந்து குரல் வந்தது. பேசாமல் இருந்து பேசியதில் கரகரத்திருந்தது.

"போன ஞாயிறு சில்லு மாத்தினவர்."

"என்ன, அண்ணி?"

"முன்னுக்கு இருந்ததைப் பின்னுக்கு, பின்னுக்கு இருந்ததை முன்னுக்கு. முன் ரயர் ரெண்டும் கூடத் தேயுதாம். லூர்து மாதாட்டப் போக முதல் மாத்தோணும் எண்டு நிண்டவர். நான்தான் நட்டெல்லாத்தையும் கறிச்சட்டியில போட்டுப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"மாத்தினதைக் காருக்குச் சொல்லேல்லை. எதையோ அமத்தோணுமாம். நாளைக்குச் செய்வம் எண்டவர்." அவள் மாலையைச் சீற்றில் வைத்தாள். "அது இன்னும் பழைய இடத்தைத்தான் சொல்லுது."

"இதை முதல்லையே சொன்னால் என்ன?"

"ஆர் கேட்டது?"

கதவைத் திறந்து இறங்கி, சேலையைச் சொருகிக்கொண்டு பின் இடது சில்லடியில் குந்தினாள். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு றெமிஜியஸ் குழாயை இழுத்து வந்தான். ஒன்று புள்ளி ஐந்து. எங்கேயோ மெல்லக் கசிகிறது. அவன் காற்றடிக்க, வால்வின் சிறு மூடியை அவள் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள்.

"போய்ச் சேரக் காணும்," என்றான்.

விளக்கு எந்த இடத்தில் அணைந்தது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

லெ பிளாங்-மெனில் கோயில் வாசலில் பெட்டியைத் தூக்க ஆட்கள் ஆயத்தமாக நின்றார்கள். ரயர்க் கறுப்புப் படிந்த கையைக் கழுவ நேரமில்லை. றெமிஜியஸ் ஓடிப்போய் ஒரு பக்கத்தில் தோள் கொடுத்தான். பீடத்தின் முன் இறக்கி வைத்து அவன் விலகியபோது, வெளிர் மரத்தில் நான்கு கறுப்பு விரல்கள் பதிந்திருந்தன.

அற்புதமலர் கைப்பையைத் திறந்து முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்தாள். பெட்டியடியில் போய்க் குனிந்தாள். போன ஞாயிறு அவர் கையில் இருந்த அதே கறுப்பு.

பிறகு அதைத் துடைக்காமலே லேஞ்சியை நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டு, பூசைக்கு முழங்காலிட்டாள்.